‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் கியருக்கு என்ன ஆகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சி ரூசா கடற்கரைச் சாலையோரம் நின்றால், போர்ட்டிக்சனுக்கு வரும் விளையாட்டுக் கார்களை ஒலியை வைத்தே இனம் காணலாம். ஒரே வகைக் கார்கள் இரண்டு, ஒரே வேகத்தில் போகும். ஒன்று முனகும், மற்றொன்று உறுமும். இரண்டிலும் தானியங்கி கியர்தான். ஓட்டுநர் தேர்ந்தெடுத்த ஓட்டமுறைதான் வேறு.

ஸ்போர்ட் முறையில் குதிரைத்திறன் கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் எதுவும் கூடுவதில்லை. இஞ்சினின் உச்சத் திறன் பழையதேதான். அதை எப்போது, எந்தக் கியரில் எடுத்துத் தருவது என்ற முடிவு மட்டும் மாறுகிறது.

முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்கினால் திறன். ஓர் இஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அதன் திறன் சுமார் 24 கிலோவாட். அதே முறுக்குவிசையை 4,500 சுற்றில் தந்தால் சுமார் 71 கிலோவாட். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஆறாவது கியர் முதல் நிலையிலும், இரண்டாவது கியர் ஏறத்தாழ அடுத்த நிலையிலும் இஞ்சினை வைத்திருக்கும். சக்கரத்துக்குக் கிடைக்கும் உந்துவிசையும் அப்படியே மூன்று மடங்காகும்.

செம்பனைக் குலை ஏற்றிய தோட்ட லோரி மேடு ஏறும்போது ஓட்டுநர் கியரைக் குறைப்பதும் இதற்காகத்தான். மேடு வருவதைக் கண் பார்க்கிறது, கை முந்திக்கொள்கிறது. தானியங்கி கியர்பெட்டிக்கோ கண் கிடையாது. காரின் வேகம், எக்சலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் நிலையை உணரிகள் கணினிக்குச் சொல்கின்றன. இந்த வேகம், இந்த அழுத்தம் என்றால் இந்தக் கியர் என்று கணினியின் நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வோர் ஓட்டமுறைக்கும் தனி அட்டவணை. பொத்தான் செய்யும் முக்கிய வேலை, அட்டவணையை மாற்றுவதுதான்.

இக்கோ முறை, 2,000 சுற்றைத் தாண்டுவதற்குள்ளேயே மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். சுற்று குறைந்தால் உராய்வில் வீணாகும் ஆற்றலும் குறையும், எண்ணெய் மிச்சம். ஸ்போர்ட் முறை கீழ்க் கியரிலேயே காத்திருக்கும். எக்சலரேட்டரைச் சிறிது தொட்டாலே இஞ்சின் அதிகம் திறந்துகொள்வதால், கார் பலசாலியாகிவிட்டது போன்ற உணர்வு வரும். பாதி உண்மை, பாதி மாயை!

வளைவில்தான் இதன் அருமை தெரியும். வளைவுக்கு முன் ஓட்டுநர் காலை எடுத்ததும், ‘வேகம் வேண்டாம் போலும்’ என்று சாதாரண முறை மேல் கியருக்குப் போய்விடலாம். வளைவைக் கடந்து மறுபடி அழுத்தினால், கியர் குறையும்வரை கார் தயங்கும். ஸ்போர்ட் முறை பிரேக் பிடிக்கும்போதே கியரைக் குறைத்து, வளைவு முடியும்வரை அதைப் பிடித்துவைக்கும். போர்ஷே 911 காரில் 2008 முதல் கிடைக்கும் பிடிகே கியர்பெட்டியில் கிளட்ச் இரண்டு: ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும். எது அடுத்தது என்பதைக் கணினி சரியாக ஊகித்தால்தான் அந்த வேகத்துக்குப் பயன். 2024இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸின் 8 வேகத் தானியங்கி, பிரேக் மிதி எப்படி அழுத்தப்படுகிறது என்பதைக் கவனித்தே ஓட்டுநரின் எண்ணத்தை ஊகிக்கிறது.

இரட்டைக் கிளட்சும் இக்கோ, நார்மல், ஸ்போர்ட் முறைகளும் புரோட்டோன் எக்ஸ்50 போன்ற குடும்பக் கார்களிலும் வந்துவிட்டன. 17 வயதில் உரிமம் எடுக்கப் போகிறவர்கள் மழையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஈரச் சாலையில் டயரின் பிடிப்பு குறைவு. சக்கரத்துக்குத் திடீரென அதிக விசை போனால் அது வழுக்கிச் சுழலும். டொயோட்டா ஜிஆர்86 தானியங்கியில் பனிச்சாலைக்கென்றே ஒரு முறை இருக்கிறது. விசையை மெதுவாக அனுப்புவதுதான் அதன் வேலை. நம் ஊரில் பனி ஏது? ஆனால் அந்தி மழையில் சிரம்பான் சாலையில் போகும்போது, ஸ்போர்ட் பொத்தானைத் தொடாமல் நார்மலில் ஓட்டினால், அதே பாதுகாப்பில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.