சக்கரக் கட்டைக்கும் சக்கரக் கட்டைக்கும் நடுவே

விமானம் வந்து நின்றதும் உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, தலைக்கு மேலிருக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அதே சமயம் கீழே ஒருவர் குனிந்து முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார். விமான நிறுவனத்தின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது அப்போதுதான். அந்தக் கட்டையை எடுத்து, விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கும்போது கடிகாரம் நிற்கும். இடைப்பட்ட நேரத்துக்கு டர்ன்அரவுண்ட் என்று பெயர். உள்நாட்டில் ஓடும் ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானத்துக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணிதான் கிடைக்கும். அதற்குள் நூற்றெண்பது பேர் இறங்கி, வேறு நூற்றெண்பது பேர் ஏறி, சாமான் மாறி, எண்ணெய் நிரம்பி, கழிவறைத் தொட்டி காலியாகியிருக்க வேண்டும்.

ஒரே விமானம் காலையில் சென்னையில் கிளம்பி இரவுக்குள் ஐந்தாறு முறை இறங்கி ஏறும். காலையில் பதினைந்து நிமிடம் தவறினால் அது ராத்திரி வரை கூடவே வரும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ தாமதக் காரணங்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது. துப்புரவால் தாமதம் என்றால் 35, எரிபொருள் என்றால் 36, சாப்பாட்டு வண்டி என்றால் 37. விமானமே முந்தைய ஊரிலிருந்து தாமதமாகத்தான் வந்தது என்றால் 93. நம் காதில் அதிகம் விழும் அறிவிப்பு இந்த 93தான். அதற்குப் பின்னால் எங்கோ ஓர் ஊரில் ஒரு 35 அல்லது 36 இருக்கும்.

தரையில் நடக்கும் வேலைகளைப் பார்ப்போம். விமானத்தின் வயிற்றில் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கு அணையும்வரை வண்டிகள் கிட்டே வரக்கூடாது. அணைந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன. பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம். வலப்பக்கம் முழுக்க வேலைக்காரர்களின் ராஜ்யம்: சாமான் அறைக் கதவுகள், அவற்றுக்கு பெல்ட் லோடர், சமையலறைக் கதவுக்கு உயரும் சாப்பாட்டு லாரி, இறக்கைக்கு அடியில் எண்ணெய்க் குழாய். வால் பக்கம் தண்ணீர் வண்டியும் கழிவறை வண்டியும். உள்ளே துப்புரவு, பாதுகாப்புச் சோதனை. கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருவதற்குள் இலை எடுத்து, மேசை துடைத்து, தண்ணீர் வைக்கும் வேகம்தான் இதுவும். அங்கே மாமா ஒருவர் சத்தம் போட்டுச் சமாளித்துவிடுவார். இங்கே அதற்கு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அதுதான் கான்ட் சார்ட். இடப்பக்கம் வேலைகளின் பெயர் வரிசையாக, மேலே நிமிடங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. பட்டை தொடங்கும் இடம் வேலை தொடங்கும் நேரம். அதன் நீளம், வேலை எடுக்கும் நேரம். போயிங்கும் ஏர்பஸ்ஸும் தங்கள் விமானங்களைப் பற்றி விமான நிலையங்களுக்குத் தரும் கையேடுகளில் இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும்.

படத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர். 1910களில் தொழிற்சாலை வேலைகளைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்தினார். அவருக்கு முன்பே, 1896இல், போலந்துப் பொறியாளர் கரோல் அதாமியெட்ஸ்கி கிட்டத்தட்ட இதே படத்தை வரைந்துவிட்டார். வெகுகாலம் கழித்து, அதுவும் போலிஷ் மொழியில் அச்சிட்டதால், பெயர் கான்டுக்குப் போய்விட்டது. கான்டின் படத்தில் ஒரு குறையும் இருந்தது. எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலை தொடங்கலாம் என்று அது சொல்லாது. 1957 வாக்கில் டியூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயனத் தொழிற்சாலைப் பணிகளுக்காகக் கண்டுபிடித்த கிரிட்டிகல் பாத் முறை அந்தக் குறையைத் தீர்த்தது. இன்று விமான நிலையத்தில் ஓடும் படம் இரண்டும் சேர்ந்தது: பட்டைகள், அவற்றைக் கோக்கும் அம்புகள்.

ஒன்றை நாமே வரைந்து பார்த்தால் விஷயம் பிடிபடும். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கட்டை வைத்தது பூஜ்யம். இரண்டாவது நிமிடத்தில் ஏரோபிரிட்ஜ் ஒட்டிக் கதவு திறக்கிறது. நிமிடத்துக்கு இருபது பேர் என்று வைத்தால் நூற்றெண்பது பேர் இறங்க ஒன்பது நிமிடம், ஆக 11. துப்புரவும் சோதனையும் எட்டு நிமிடம், 19. ஏறுவது இறங்குவதைவிட மெதுவானது. பெட்டியை மேலே திணிக்க வேண்டும், ஜன்னல் சீட்டுக்காரருக்கு நடுவில் இருப்பவர் எழுந்து வழிவிட வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றால் பதினைந்து நிமிடம், 34. தலை எண்ணி, எடைக் கணக்குச் சீட்டில் கையெழுத்தாகிக் கதவு மூட மூன்று நிமிடம். பிரிட்ஜ் விலக இரண்டு. 39இல் விமானம் நகரும்.

இதற்கு இணையாகச் சாமான் வேலை: 3இலிருந்து 15 வரை இறக்கம், 15இலிருந்து 31 வரை ஏற்றம். எண்ணெய் 4இலிருந்து 16 வரை. 37இல்தான் விமானக் கதவு மூடுகிறது; சாமான்காரர்கள் 31இலேயே முடித்துவிட்டார்கள். அவர்களிடம் ஆறு நிமிடம் உபரி. எண்ணெய்க்காரரிடம், ஏறத் தொடங்கும் 19வது நிமிடம் வரை, மூன்று நிமிடம் உபரி. இறங்குவது, துடைப்பது, ஏறுவது, கதவு மூடுவது என்ற சங்கிலியில் உபரி சுத்தமாக இல்லை. அதுதான் கிரிட்டிகல் பாத்.

மேலாளர் ஒருவர் வந்து சாமான் ஏற்றுபவர்களை விரட்டு விரட்டென்று விரட்டி ஐந்து நிமிடம் மிச்சப்படுத்துகிறார் என்று வையுங்கள். விமானம் 39இல்தான் கிளம்பும். வியர்வைதான் மிச்சம். துப்புரவுப் பெண்களுக்கு இன்னும் இரண்டு கைகளைச் சேர்த்து எட்டு நிமிடத்தை ஐந்தாக்கினால் விமானம் 36இல் கிளம்பும். மேலும் ஒரு கையைச் சேர்த்து நாலாக்கினால்? எண்ணெய் 16இல்தான் முடிகிறது. அது முடிந்த பிறகே பயணிகளை ஏற்றுவது என்று விதி இருந்தால் மிச்சம் பிடித்த அந்த நான்காவது நிமிடம் வீண். எங்கே அவசரப்பட்டுப் பயனில்லை என்று சொல்வதுதான், என் பார்வையில், இந்தப் படத்தின் பெரிய உபயோகம். பெரும்பாலான அலுவலகங்களில் யாரை விரட்டினால் சத்தம் வராதோ அவர்களைத்தான் விரட்டுகிறார்கள்.

வாலிலும் ஓர் ஏணி போட்டு இரண்டு கதவுகளையும் திறந்தால் என்ன ஆகும்? ஆறு நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள், ஒன்பதில் ஏறிவிடுவார்கள் என்று வைப்போம். கணக்குப்படி கதவு 28இல் மூடி, 30இல் விமானம் நகர வேண்டும். ஆனால் சாமான் 31இல்தான் முடிகிறது. நேற்றுவரை ஆறு நிமிடம் சும்மா இருந்தவர்கள் இன்று விமானத்தையே பிடித்து நிறுத்துகிறார்கள். கிரிட்டிகல் பாத் இடம் மாறிவிட்டது. இண்டிகோ 2022 ஆகஸ்டில் முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று என மூன்று வழியாகப் பயணிகளை இறக்கும் முறையை அறிவித்தது. ஏ321 காலியாக 13, 14 நிமிடம் ஆனது 7, 8 நிமிடமாகக் குறையும் என்றது. அந்த ஆறு நிமிடமும் அட்டவணையில் மிச்சமாக வர, மற்ற பட்டைகளும் இடம் கொடுக்க வேண்டும்.

பட்டையைக் குறுக்குவதைவிடச் சாமர்த்தியமான வேலை, அதைப் படத்தை விட்டே வெளியே தள்ளுவது. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விமானப் பணிப்பெண் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை வாங்க வருவார். அவர் வாங்கும் ஒவ்வொரு காகிதக் கோப்பையும் தரையில் துப்புரவுப் பட்டையிலிருந்து கழிகிறது. போகவும் திரும்பி வரவும் சேர்த்துக் கிளம்பும் ஊரிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டால் நடுவூரில் அந்தப் பட்டையே கிடையாது. விமானம் கனத்துக் கொஞ்சம் அதிகமாக எண்ணெய் குடிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1972இல் பணத்தட்டுப்பாட்டால் தன்னிடமிருந்த நான்கு போயிங் 737களில் ஒன்றை விற்றது. நான்கு விமானத்துக்கான அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட, பத்து நிமிட டர்ன்அரவுண்ட் பிறந்தது. இருக்கை எண் இல்லை, சுடச்சுடச் சாப்பாடு இல்லை, பணிப்பெண்களே இருக்கைகளை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றைய பெரிய விமானத்தில், ஆளுக்கொரு கைப்பெட்டியோடு, பத்து நிமிடம் நடக்காது.

சில அம்புகள் விதியால் வந்தவை, சில இயற்பியலால். சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் ஏடிஆர் விமானத்தில் பயணிகள் வால் பக்கக் கதவு வழியாக ஏறுகிறார்கள், சாமான் அறை முன்னால். பின்னால் எல்லோரும் கூடி நிற்க, முன்னால் சாமான் இல்லையென்றால் மூக்கு மேலே போய்விடும். அதனால்தான் நின்றதும் வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கோலைச் செருகுகிறார்கள். நீளமான ஜெட்களில் பின்புறச் சாமானை முதலில் இறக்குவதும், முன்புறத்தில் முதலில் ஏற்றுவதும் இதே பயத்தால்தான். இன்னொன்று பிரேக். ஏ320இல் பிரேக் சூடு 300 டிகிரிக்கு மேல் இருந்தால் மேலே கிளம்பக் கூடாது. குட்டையான ஓடுபாதையில் அழுத்திப் பிடித்து நின்ற விமானத்துக்கு, எல்லாப் பட்டையும் முடிந்த பிறகும், சூடு ஆறும்வரை காத்திருக்கும் ஒரு பட்டை தனியாக ஓடும்.

படம் நேரத்தை மட்டுமே காட்டும், இடத்தைக் காட்டாது என்பதும் ஒரு தொல்லை. ஏ320இன் வாலருகே தண்ணீர், கழிவறை, பின் சமையலறை, பின் சாமான் ஆகிய நான்குக்கும் வண்டி நிற்க வேண்டும். காகிதத்தில் நான்கு பட்டைகளும் அழகாக ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். தரையில் ஒரு லாரி இன்னொன்றின் வழியை மறித்து நிற்கும். தண்ணீர் வண்டியும் கழிவறை வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைச் சுகாதாரமும் விரும்பாது.

எதிர்பாராத பட்டைகளும் முளைக்கும். சாமான் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்றால், பாதுகாப்புக்காக அவர் பெட்டியை அடுக்கிலிருந்து தேடி எடுத்து வெளியே போட வேண்டும். போர்டிங் கேட்டை இருபது இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்களே என்று நாம் கோபப்படுவதன் மறுபக்கம் இதுதான்.

விமானம் நிற்கும் தரையான ராம்ப்பில் வேலை செய்பவர்கள் முன்னோக்கி எண்ணுவதில்லை. கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி, மைனஸ் முப்பது, மைனஸ் பதினைந்து என்று எண்ணுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் போன்ற நிலையங்களில் கேமராவே பார்த்து, லாரி வந்தது, கதவு திறந்தது என்று நேரம் குறித்துக்கொள்கிறது. படம் நொடிக்கு நொடி திருத்தப்படுகிறது. ஐரோப்பாவில் 2007இல் முதன்முதலாக மியூனிக்கில் முழுமையாக வந்த ஏற்பாட்டின்படி, ‘இத்தனை மணிக்கு என் விமானம் தயார்’ என்று நிறுவனம் சொல்ல, அதை வைத்துக் கட்டுப்பாட்டு அறை வரிசை போடுகிறது.

கீழே ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றி, சிவப்பு நாடா தொங்கும் ஒரு பின்னைத் தூக்கிக் காட்டினால் தள்ளும் வண்டி விலகி, முன்சக்கரம் மறுபடி விமானியின் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அது நடக்காமல், கதவெல்லாம் மூடி ஏரோபிரிட்ஜும் விலகிப் பத்து நிமிடமாக அப்படியே உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் பட்டைகள் எல்லாம் முடிந்திருக்கும். கட்டுப்பாட்டு அறை இன்னும் நேரம் தரவில்லை.