கிணற்றில் கலந்த எண்ணெயை எப்படி எடுப்பது?

கொழும்பின் கிருலப்பனையில் குழாயைத் திறந்தால் சுத்திகரித்த நீர் வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலோருக்கு நிலத்தடி நீரே கதி. அதனால்தான் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் துயரமானது. அங்கு மின் உற்பத்தி செய்த நோர்தேர்ன் பவர் நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஏன் எளிதில் பரவுகிறது?

குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே சிந்தும் எண்ணெயை வடிகட்டப் போதிய மண் இல்லை. எண்ணெய் இலேசானது, நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். மாரியில் நீர் ஏறி, கோடையில் இறங்கும்போது, எண்ணெய் பாறை இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். பென்சீன் போன்றவை சிறிதளவு கரைந்து நீரோடு நகரும்.

எப்படி அகற்றுவது?

முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு, எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டும். மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, நீரை இறைத்துச் செயலூட்டிய கரி வழியே செலுத்த வேண்டும். எஞ்சியதை மண்ணிலுள்ள பக்டீரியாக்கள் தின்னும். அவற்றுக்கு ஒட்சிசன், நைதரசன், பொசுபரசு கொடுத்தால் வேலை வேகமாகும். ஆனாலும் இடுக்கில் ஒட்டியது மெல்ல மெல்லக் கசிவதால் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. கிருமி சாகும், எண்ணெய் முழுதாகப் போகாது. ஆகவே, கழிவு எண்ணெயை நிலத்திலோ வடிகானிலோ ஊற்றாதீர்கள். சிந்தாமல் தடுப்பதே மலிவான சுத்திகரிப்பு.