முகடு தொடாத சுவர்

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வாழும் பழைய லயங்கள் பலவற்றில் ஒரு காம்பராவையும் அடுத்ததையும் பிரிக்கும் சுவர் ஆளுயரத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து முகடு வரை வெறும் வெளி. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் வாசல் தனி, அடுப்பு தனி. தலைக்கு மேலே மட்டும் எல்லோருக்கும் ஒரே தகரக் கூரை. முதல் காம்பராவில் கருவாடு பொரித்தால் ஐந்தாவதில் மணக்கும். பக்கத்து வீட்டு விளக்கொளி சுவர் விளிம்பைத் தாண்டி இந்த வீட்டுத் தகரத்தில் படும். ஒரு வீட்டில் பற்றும் தீ வரிசை முழுவதையும் தின்பது இந்த வெளி வழியாகத்தான்.

சூடான புகை மேலே ஏறித் தகரத்தில் முட்டும். போக வழியில்லாமல் முகட்டுக்கடியில் இருபுறமும் பாயும். அங்கே அதற்குத் தீனி நிறைய: பரணில் காயும் விறகு, பழைய சாக்கு, ஒழுக்குக்காகக் கட்டிய பொலித்தீன், அடுப்புப் புகை குடித்துக் குடித்துக் கறுத்து உலர்ந்த மரங்கள். தகரம் எரியாது. அதைத் தாங்கும் குறுக்குமரமோ வீடுவிட்டு வீடு அறுபடாமல் ஓடுகிறது. மின்னொழுக்கால் தீப்பிடித்தது முதல் காம்பராவில் என்றாலும், நான்காவதில் இருப்பவர்கள் சத்தம் கேட்டு இஸ்தோப்புக்கு வருவதற்குள் அவர்கள் கூரையிலும் தீ இறங்கியிருக்கும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரவேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் அதற்குள் போய்விடும்.

இதற்கான மருந்து புதியதல்ல. 1666இல் எரிந்த லண்டன் செங்கல்லுக்கு மாறியது. 1707ஆம் ஆண்டுச் சட்டம், ஒட்டிய வீடுகளுக்கு நடுவிலுள்ள பொதுச்சுவர் கூரையையும் தாண்டி 18 அங்குலம் எழவேண்டும் என்றது. அது லண்டனுக்கான சட்டம். அதே நாட்டிலிருந்து வந்த துரைமார் ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு மலைச்சரிவுகளில் எழுப்பிய வரிசைகளுக்கு அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

தேவைப்படுவது சில அடிச் சுவர். இருக்கும் சுவரின் மேலேயே செங்கல்லையோ சீமெந்துக் கல்லையோ முக்கோணமாக அடுக்கி, இருபுறமும் பூசி, தகரத்தின் அடிவரை கொண்டுபோகவேண்டும். ஒழுங்காகக் கட்டிய செங்கற்சுவர் அரைக்கல் கனத்திலும் தீயை ஒரு மணி நேரமாவது தடுத்து நிறுத்தும். பலகையோ அட்டையோ அதற்கு உதவாது. தகரத்தின் நெளிவுகளுக்கடியில் மிஞ்சும் இடுக்குகளைச் சாந்தால் அடைக்காவிட்டால் சுவர் கட்டியும் பயனில்லை. குறுக்குமரத்தைச் சுவருக்குள் விடாமல் இருபுறமும் வெட்டித் தனித்தனியே தாங்கவைப்பது உத்தமம். இறவாணத்தையும் மறக்கக்கூடாது, முகட்டில் தடைபட்ட தீ கூரை ஓரத்து மரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். பிறகு யாராவது வயர் இழுக்கத் துளை போட்டால், அன்றே அடைக்கவேண்டும்.

லயத்தைத் திருத்தினால் சொந்தக் காணியில் தனி வீடு என்ற கோரிக்கை நீர்த்துப்போகும் என்பவர்களும் உண்டு. ஆனால் தனி வீடு வரும்வரை பிள்ளைகள் தூங்குவது இந்தக் கூரைக்கடியில்தான்.

சுவரை உயர்த்தத் தோதான நேரம் பழைய தகரம் கழற்றிப் புதியது போடும்போது. கூரை திறந்திருக்கும், கொத்தனாருக்கு மேலே நின்று வேலை செய்ய இடமிருக்கும், மரத்தை வெட்டுவதும் எளிது. எரிந்த லயத்துக்குப் பதிலாகத் தற்காலிகக் கொட்டகை போடும்போதும் இதே கணக்குதான்: வரிசையாகப் போட்டால், அடுத்தடுத்த ஒவ்வொரு இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகரம் தொடும் சுவர் ஒன்று வேண்டும்.