இறங்காது மேலெழுந்த விமானம்

விமானம் பார்ப்பதற்கென்றே விமான நிலையத்தின் வேலியருகே சென்று நிற்போர் ஒருசாரார் உலகெங்கும் உளர். அவர்கள் எவரையும் வழியனுப்ப வந்தவரல்லர். எவரையும் வரவேற்க வந்தவருமல்லர். கையிலே ஒரு தொலைநோக்காடியும் ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு, வந்திறங்கும் ஒவ்வொரு விமானத்தின் பதிவெண்ணையும் எழுதியவாறு, மழையென்றும் பனியென்றும் பாராது மணிக்கணக்காக நிற்பர். இதனை வேலையற்றோர் வேலையென்றே நாமும் பல்லாண்டு எண்ணியிருந்தோம். சென்ற மாசி மாதத்தில் இலண்டனிற் கழித்த ஓரிரவு அவ்வெண்ணத்தை மாற்றியது.

எம்முடன் கல்லூரியிற் பயின்ற நண்பரொருவர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர். பொறியியலாளராகத் தொழில் பார்த்து இளைப்பாறி, இலண்டனின் மேற்குப் பகுதியில் வசிக்கின்றார். இப்பழக்கம் அவருக்கு இங்கிலாந்தில் தொற்றியதன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 மார்கழி 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்டது எமது பலாலித் திடலேயாம். பின்னாளில், அந்நிறுவனத்தின் அவ்றோ விமானத்தைப் பார்ப்பதற்காக ஏறக்குறையப் பத்து மைல் சைக்கிள் மிதித்துப் பலாலிக்குச் சென்று, மறுநாள் பாடம் ஒப்புவிக்காமல் வாங்கில் ஏறி நின்றவர் அவர். உடன் சென்ற குற்றத்துக்காக நாமும் ஏறி நின்றோம்.

அன்றிரவு கொழும்பிலிருந்து வேறொரு வகுப்புத் தோழர் வந்துகொண்டிருந்தார். அவருடைய தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு ஹீத்றோ விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். தம்பியாரைக் கண்டு பதினெட்டு ஆண்டுகள் ஆயினவாம். காலை முதலே புயற்காற்று வீசிக்கொண்டிருந்தது. விமானம் தாமதமாகுமென்று தெரிந்ததும், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதிலும் பார்க்க வெளியே நிற்பது மேலென்று கூறி, ஹற்றன் குறொஸ் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள மேர்ட்டில் அவெனியூ என்னும் சிறு தெருவுக்கு நண்பர் எம்மை இட்டுச் சென்றார். தெருவின் முடிவில் ஒரு புற்றரை. அதற்கு அப்பால் பெருந்தெரு. அதற்கும் அப்பால் தென் ஓடுபாதையின் முகப்பு. இறங்கும் விமானங்கள் அவ்வீடுகளின் கூரைகளைத் தொட்டுவிடுமோ என்னுமளவுக்குத் தாழ்ந்து செல்லும். அந்தக் காற்றிலும் மழையிலும் எமக்கு முன்னரே ஏழெட்டுப் பேர் அங்கே குடையின்றி நின்றனர். குடை அங்கே பயன்படாது.

ஹீத்றோவின் ஓடுபாதைகள் இரண்டும் கிழக்கு மேற்காக ஒன்றுக்கொன்று இணையாகக் கிடப்பவை. ஒன்று 3,902 மீற்றர் நீளமும் மற்றது ஏறக்குறைய 3,660 மீற்றர் நீளமும் உடையன. ஆதியில் நிலைமை வேறு. 1946இல் பயணிகள் கூடாரங்களில் அமர்ந்து விமானம் ஏறிய காலத்தில், பல திசைகளையும் நோக்கி ஓடுபாதைகளை அமைக்கத் திட்டமிட்டு, ஆறு பாதைகளை நட்சத்திர வடிவில் இட்டனர். காரணம் எளிது. தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஏற்றிய எவர்க்கும் தெரியும், காற்றுக்கு முகங்கொடுத்தால்தான் பட்டம் எழும். விமானமும் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். அக்கால விமானங்கள் இலேசானவை. பக்கக் காற்றுக்கு ஆற்றாதவை. டக்கோட்டாவோவெனின் வாலை நிலத்தில் ஊன்றி நிற்பது. இறங்கியபின் பக்கக் காற்று அடித்தால் அதனைச் சுழற்றிவிடும். விமானங்கள் பாரங்கூடிப் பக்கக் காற்றைத் தாங்க வல்லனவான பின்னர், குறுக்குப் பாதைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுக் கட்டடங்களுக்கும் தரிப்பிடங்களுக்கும் இடமாயின. ஆகவே இன்று காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் அவ்விரு பாதைகளிலேயே இறங்க வேண்டும்.

அன்று காற்று தென்மேற்கிலிருந்து வந்தது. எம்மவர் சோளகம் என்பதன் குளிர்ந்த உறவினர் எனலாம். ஓடுபாதைக்கு 60 பாகை சாய்வில், மணிக்கு 40 கடல்மைல் வேகத்தில் அது வீசியதென்று கொள்வோம். அதிற் 20 கடல்மைல் எதிர்காற்றாகும். ஏறக்குறைய 35 கடல்மைல் குறுக்குக்காற்றாகும். விமானம் காற்றினூடாக 140 கடல்மைல் வேகத்தில் வருமாயின், தன் மூக்கைச் சுமார் 14 பாகை காற்றின் பக்கம் திருப்பி வைத்திருந்தால்தான் அதன் வழி ஓடுபாதையின் நேர்கோட்டிற் கிடக்கும். ஆதலின் விமானம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகின்றது. விமானிகள் இதனை நண்டின் நடையென்பர். காரைநகர்க் கடற்கரையில் நண்டு துரத்தியவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் சக்கரங்கள் நண்டின் கால்களல்ல. அவை நேரே உருளச் செய்யப்பட்டவை. எனவே நிலத்தைத் தொடுவதற்குச் சில விநாடிகளுக்கு முன்னர், ஏறக்குறைய முப்பதடி உயரத்தில், விமானி மூக்கைச் சற்று உயர்த்தி, வாற்சுக்கானை மிதித்து மூக்கைப் பாதையின் திசைக்குக் கொணர்தல் வேண்டும். நேரானதும் காற்று விமானத்தைப் பாதையிலிருந்து தள்ளப் பார்க்கும். அதனைத் தடுக்கக் காற்றுப்பக்கச் சிறகைச் சிறிது தாழ்த்த வேண்டும். மிகத் தாழ்த்தினாலோ எந்திரம் நிலத்தில் உரசும். இவை யாவும் இருநூறு தொன் பாரத்தை வைத்துக்கொண்டு, இருளில், கண்ணாடியில் மழை அறையும்போது செய்ய வேண்டியவை.

இரவிலே விமானத்தின் உடல் தெரிவதில்லை, ஒளிகளே தெரியும். இடச் சிறகின் நுனியிற் சிவப்பு, வலச் சிறகின் நுனியிற் பச்சை, பின்னே வெள்ளை. மழை சற்று விட்டபோது கிழக்கு வானில் மூன்று நான்கு ஒளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கின. நெருங்க நெருங்க, விளக்கு எம்மை நோக்காது தெற்கே நோக்குவதும், சிவப்பும் பச்சையும் துலாத்தட்டுப்போல் ஏறித் தாழ்வதும் தெரிந்தன. விமானம் தலைக்குமேற் சென்று மறைந்த பின்னர், சீலை கிழிவது போன்ற ஓரொலி வானத்திலிருந்து இறங்கியது. சிறகுநுனிகளில் உண்டாகும் காற்றுச் சுழியின் ஒலி அது. அச்சுழி கூரையோடுகளையும் பெயர்க்க வல்லது. பின்வரும் விமானம் அதனுள் அகப்படாதிருக்கவே இடைவெளி விடுகின்றனர். முன்னர் இவ்விடைவெளி தூரத்தால் அளக்கப்பட்டது. பலத்த எதிர்காற்றில் அத்தூரத்தைக் கடக்க நேரம் கூடியதால், புயல்நாளில் இறங்கும் விமானங்களின் தொகை குறைந்தது. ஆனால் அதே காற்று சுழியையும் விரைவிற் கலைக்கின்றது. இதனைக் கணக்கிட்டு 2015ஆம் ஆண்டிலிருந்து ஹீத்றோவில் இடைவெளியை நேரத்தால் அளக்கின்றனர்.

எமது தோழர் வந்த விமானம் இலண்டனுக்குத் தென்கிழக்கே பிகின் என்னுமிடத்தின் மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. முறை வரும்வரை விமானங்கள் ஆயிரமடிக்கொன்றாக அடுக்கி வைக்கப்படும் நான்கு இடங்களுள் அதுவும் ஒன்று. ஒவ்வொரு விமானமும் தன் இடத்தையும் உயரத்தையும் வானொலியால் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருப்பதால், கைத்தொலைபேசியின் திரையில் எவரும் இதனைப் பார்க்கலாம். தமக்கையார் அந்தச் சிறு வடிவத்திலிருந்து கண்ணை எடுத்தாரல்லர். மின்னல் விழுந்தால் என்னாகுமென்று ஒருமுறை கேட்டார். பயணிகள் விமானங்கள் மின்னலடி படுவது அரிதன்று, மின்னோட்டம் உலோகப் புறத்தின் வழியே ஓடி வெளியேறும், உள்ளே இருப்போரைத் தீண்டாது என்று நண்பர் கூறினார்.

இறுதியில் அவ்விமானம் வந்தது. தலைக்குமேல் ஆடிச் சென்று, பெருந்தெருவைக் கடந்து, முகப்பையுங் கடந்தது. சக்கரம் தொட்டிருக்குமென்று நாம் நினைத்த கணத்தில் எந்திரங்கள் பேரொலி எழுப்பின. வாலின் வெள்ளொளி மேலே மேலே சென்று முகிலிற் புகுந்து மறைந்தது.

தமக்கையார் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். எமக்கும் நா எழவில்லை. நண்பரோ குறிப்புப் புத்தகத்தை மழைச்சட்டைக்குள் வைத்துவிட்டு, “பயப்படாதையுங்கோ அக்கா. அது பழுதாகிப் போகேல்லை. திரும்பி வரத்தான் போகுது,” என்றார்.

அவர் பின்னர் விளக்கியதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இறங்காது மீண்டும் மேலெழுதல் விபத்தின் தொடக்கமன்று. ஒவ்வோர் இறக்கத்துடனும் முன்கூட்டியே சேர்த்துத் திட்டமிடப்பட்ட மாற்று வழி. வேகமோ உயரமோ திசையோ குறித்த எல்லைக்குள் இல்லையென்றால் எழ வேண்டும். பல நிறுவனங்களில் இரு விமானிகளுள் எவர் சொன்னாலும் மற்றவர் கீழ்ப்படிதல் வேண்டும். எனினும், விமானப் பாதுகாப்பை ஆராயும் பிளைற் சேவ்ற்றி பவுண்டேஷன் கண்டறிந்தபடி, நிலைதவறி வரும் விமானங்களுள் நூற்றுக்கு மூன்றளவே மேலெழுகின்றன. மற்றையவை எப்படியும் இறங்கிவிடவே முயல்கின்றன. ஓடுபாதை கண்முன்னே தெரியும்போது அதனை விட்டெழ மனித மனம் ஒப்புவதில்லை போலும்.

1975ஆம் ஆண்டு ஆனி 24ஆந் திகதி பிற்பகல், நியூ யோர்க் கெனடி விமான நிலையத்தின் அருகே இடிமழை பெய்துகொண்டிருந்தது. இறங்கிய சரக்கு விமானமொன்றின் விமானி, முகப்பருகே காற்று மிகக் கொடியது, பாதையை மாற்றுங்கள் என்று எச்சரித்தார். அடுத்து வந்த ஈஸ்ரேண் நிறுவனத்தின் விமானம் தடுமாறியதும் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழுந்தது. பின்வந்த இரண்டு இறங்கிவிட்டன. அவற்றின்பின் வந்தது அதே ஈஸ்ரேண் நிறுவனத்தின் 66ஆம் இலக்கப் பறப்பு. அது பாதையை எட்டுமுன் விளக்குத் தூண்களில் மோதியது. அதிலிருந்த 124 பேருள் 113 பேர் இறந்தனர். மேலெழுந்த விமானத்தின் பயணிகள் அன்று தம் விமானியை நொந்திருக்கவுங் கூடும்.

காற்று என்ன செய்தது என்பதைக் கண்டறிந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெற்சுயா புஜித்தா. யப்பானிற் பிறந்த அவர், 1945இல் அணுக்குண்டு வீழ்ந்தபின் நாகசாக்கியிலும் ஹிரோசிமாவிலும் மரங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்த கோலத்தைக் கண்டவர். 1974 சித்திரையில் அமெரிக்காவைத் தாக்கிய சூறாவளிகளின் அழிவை வானிலிருந்து ஆராய்ந்தபோது, சில இடங்களில் அதே கோலத்தைக் கண்டார். மேகத்திலிருந்து காற்று தூண்போல விழுந்து, நிலத்தில் மோதி நாற்புறமும் தெறிக்கின்றது என்பது அவர் துணிபு. இதன் அகலம் இரண்டரை மைலுக்கும் குறைவு. கடுமை நிலைப்பதோ சில நிமிடங்களே. உட்புகும் விமானத்தை முதலில் எதிர்காற்று உயர்த்தும். வேகம் கூடிற்றென்று விமானி எந்திரத்தைத் தணிப்பார். உடனே மேலிருந்து அமுக்கும் காற்று. அதன்பின் பின்புறத்திலிருந்து வீசும் காற்று. சிறகு தாங்கும் வலுவை இழக்கும். அறிஞர் பலர் முதலில் இதனை ஒப்பவில்லை. 1978இல் சிக்காகோவுக்கு அண்மையில் றேடார் கொண்டு நிகழ்த்திய ஆய்விலே இது மெய்ப்பட்டது. ஆயினும் 1985 ஆவணி 2ஆந் திகதி டலஸ் நகரில், எமது எயர் லங்காவும் ஒருகாலத்திற் பயன்படுத்திய ட்ரைஸ்டார் வகை விமானமொன்று இதே காற்றிற் சிக்கி 137 பேர் இறந்தனர். அதன்பின்னரே காற்றுத் திரிபை எச்சரிக்குங் கருவிகள் அமெரிக்காவிற் கட்டாயமாயின.

ஆங்கிலநாட்டு மாரிக்காலப் புயல் இவ்வகைத்தன்று. அது எல்லோர்க்கும் தெரியவே வீசுவது. அன்று ஓடுபாதைக்கு மேல் ஒரு திடீர் வீச்சு சிறகைத் தூக்கியிருக்கலாம் என்பதே நண்பரின் கருத்து. எரிபொருள் போதுமா என்று யாம் வினவினோம். வேறொரு நிலையத்துக்குச் செல்லப் போதியதும், அதன்மேல் அரைமணி நேரம் பறக்கப் போதியதும் வைத்திருக்க வேண்டுமென்பது விதியென்றார். தமக்கையார் அதனை இருமுறை சொல்லச் செய்து கேட்டார்.

ஏறக்குறைய இருபது நிமிடத்தின்பின் அதே ஒளிகள் மீண்டும் கிழக்கே தோன்றின. சிவப்பும் பச்சையும் ஆடின. ஆனால் முன்னையளவு ஆடவில்லை. தலைக்குமேற் சென்றது. எவரும் பேசவில்லை. பின்னர் எந்திரத்தை எதிர்ப்புறமாக முடுக்கும் நீண்ட இரைச்சல் ஓடுபாதையின் வழியே மேற்கு நோக்கி ஓடித் தேய்ந்தது. அயலில் நின்ற ஆங்கிலேயர் ஒருவர், யாரென்றறியாத எம் தமக்கையாருக்குத் தலையசைத்துச் சிரித்தார்.

நண்பர் புத்தகத்தைத் திறந்தார். ஒரே விமானத்தை இருமுறை கண்டால் இரண்டாகக் கணக்கிடலாமோ என்று கேட்டோம். ஒன்றுதானென்று கூறி, பதிவெண்ணை எழுதி, நேரத்தை மட்டும் இரண்டாக எழுதினார். தமக்கையார் ஏற்கெனவே காரினுள் ஏறியிருந்தார்.