அழுத்தினால் வராத கறுப்பு

புகைப்படமோ என்று மலைக்க வைக்கும் சார்கோல் ஓவியங்களில் எல்லோரும் முதலில் வியப்பது தோலின் துளைகளையும் ஒற்றை ஒற்றையாகத் தெரியும் முடியிழைகளையும்தான். ஆனால் அந்த முகத்தை நம்ப வைப்பது கண்மணியிலும் கழுத்தின் நிழலிலும் கிடக்கும் கறுப்பு. அது சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் எத்தனை இழை வரைந்திருந்தாலும் முகம் தட்டையாகவே இருக்கும். இந்தக் கறுப்பைத் தேடிப் பலர் கோலை அழுத்துகிறார்கள், இன்னும் கறுப்பான கோல் கடையில் கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். கோலின் தரம் முக்கியம்தான். ஆனாலும் தாளின் பரப்பில் விழும் ஒளிக்கு என்ன நேர்கிறது, கறுப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் அதைவிட முக்கியம் என்பேன்.

பென்சிலின் கிராஃபைட்டும் கரிதான், சார்கோலும் கரிதான். கிராஃபைட்டில் அணுக்கள் அடுக்கடுக்கான தகடுகளாக அமைந்திருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க அந்தத் தகடுகள் தாளோடு படிந்து, சின்னக் கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பென்சில் ஓவியத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அடர்ந்த நிழல் பளபளத்து வெளுப்பது இதனால்தான். சார்கோல் கருகிய மரம். மரத்தின் நுண்துளைகள் அதில் அப்படியே எஞ்சியிருக்கும், துகள்களுக்கும் ஒழுங்கான வடிவம் கிடையாது. அந்தப் பள்ளங்களுக்குள் நுழையும் ஒளி சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மோதலிலும் ஒரு பங்கை இழந்து மடிகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட வாண்டாபிளாக் என்ற பூச்சு 99.965 விழுக்காடு ஒளியை விழுங்குவதும், செங்குத்தாக நிற்கும் கார்பன் நுண்குழாய்களுக்கு இடையே ஒளியைச் சிக்க வைத்துத்தான்.

அழுத்தினால் கருமை கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கிறோமே என்று கேட்கலாம். கூடுகிறது, ஆனால் தாளின் சொரசொரப்பு நிரம்பும் வரைதான். அதற்குப் பிறகு அழுத்தம் துகள்களை நசுக்குகிறது, தாளின் இழைகளைப் படுக்க வைக்கிறது, பரப்பு வழவழப்பாகி மினுங்கத் தொடங்குகிறது. விரலால் தேய்த்தால் தோலின் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். அதனால் தேர்ந்தவர்கள் மென்மையான வில்லோ மரக் கரியை முதலில் தூரிகையால் தாளின் குழிகளுக்குள் இறக்குகிறார்கள். அதன்மேல் பசை சேர்த்து இறுக்கிய கம்ப்ரெஸ்டு சார்கோலைக் கை அழுத்தமில்லாமல், திசை மாற்றி மாற்றிச் சிறு கோடுகளாக ஏற்றுகிறார்கள். கடைசி அடுக்கைத் தேய்ப்பதில்லை. ஒளியைப் பிடிக்கும் கரடு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. இடையில் ஃபிக்ஸேடிவை மெல்லியதாகத் தெளித்தால் துகள்கள் நிலைத்து அடுத்த அடுக்குக்குப் பிடிப்புக் கிடைக்கும். அளவு மீறினால் அதுவே படலமாகி மினுங்கும். இடைநிழல்களும் தேவையில்லாமல் இருண்டுவிடும். கிராஃபைட்டால் வழுவழுப்பாக்கிய இடத்தில் சார்கோல் ஒட்டாது என்பதால் எங்கே எது வரும் என்பதையும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் எட்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. வெள்ளைத் தாள் சுமார் 85 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது, நல்ல சார்கோல் கறுப்பு ஏறத்தாழ 4 விழுக்காட்டை. அதாவது ஓவியரிடம் இருப்பது இருபது மடங்குக்குச் சற்று மேலான வித்தியாசம் மட்டுமே. வெயிலும் நிழலும் கலந்த தெருவில் அது ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். அப்படியானால் மீதி ஆழம் வெறும் கண்கட்டு வித்தைதானே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. உச்சி வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ், விளக்கெரியும் அலுவலக அறையின் ஒளி சுமார் 500 லக்ஸ். கணக்குப் போட்டால், வெயிலில் கிடக்கும் கரித்துண்டு, அறையில் இருக்கும் வெள்ளைத் தாளைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் கரி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகின்றன. கண் பெரும்பாலும் எடை போடுவது பக்கத்துப் பரப்போடு உள்ள விகிதத்தை. ஓவியர் அந்த விகிதத்தைக் கையாளும்போது, கண் எப்போதும் செய்யும் வேலையைத்தான் அதற்குக் கொடுக்கிறார். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சுரா 1880களில் கான்டே கிரேயானால் வரைந்த படங்களில், உருவத்தின் ஒளிபட்ட விளிம்பை ஒட்டிப் பின்னணியை இருட்டாக்குவார், இருண்ட விளிம்பை ஒட்டி வெளிச்சமாக்குவார். அமெரிக்க ஓவியர் ராபர்ட் லாங்கோவின் பிரம்மாண்டமான சார்கோல் அலைகளில் நுரையின் வெண்மை தீண்டப்படாத தாள். அலையின் வயிற்றுக்கு அத்தனை கருமையைக் கொடுப்பது அந்த வெண்மை. கறுப்புச் சட்டை முழுவதையும் ஒரே உச்சக் கருமையில் அடைப்பது தவறாவதும் இதனால்தான். மடிப்புகளின் உள்ளே மட்டும் அந்தக் கருமையை வைத்து, மற்ற துணியை ஒரு படி வெளுப்பாக நிறுத்தினால்தான் சட்டை கறுப்பாகத் தெரியும்.

அந்த 4 விழுக்காட்டுக் கறுப்பையும் சட்டகம் கெடுத்துவிடலாம். தொட்டால் உதிரும் சார்கோலுக்குக் கண்ணாடி கட்டாயம். ஆனால் சாதாரணக் கண்ணாடியின் முன்பக்கமும் பின்பக்கமும் தலா 4 விழுக்காடு ஒளியைத் திருப்புகின்றன. எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தாலோ சன்னல் திறந்திருந்தாலோ, கரியிலிருந்து வருவதைவிட அதிக ஒளி கண்ணாடியிலிருந்தே வரும். ஆகவே எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியையும், விளக்கு எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதையும் கோலைத் தேர்ந்தெடுக்கும் அதே அக்கறையோடு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.