ஆப்பிள் குக்கியில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் முதலிய ஆறு மாநிலங்கள் இருக்கின்றன. இவற்றை ஒன்றாகச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்று அழைக்கிறார்கள். அங்கே செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மேப்பிள் மரங்களின் இலைகள் சிவந்து, மஞ்சளாகி, உதிரத் தொடங்கும். அதே நாட்களில்தான் ஆப்பிள் பறிப்பும் நடைபெறும். பணம் கட்டிவிட்டு நாமே மரத்திலிருந்து பழம் பறித்துக்கொள்ளும்படியான தோட்டங்கள் அங்கு நிறைய உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் எப்போதும் தேவைக்கு மேலேயே பறித்துவிடுவார்கள். கூடை நிறையப் பழத்தோடு வீடு திரும்பிய பிறகுதான், 'இத்தனையையும் என்ன செய்வது?' என்ற கேள்வி எழும்.

அதற்கு அந்த வீடுகளில் கிடைக்கும் விடைகளில் ஒன்று, ஆப்பிளும் ஓட்ஸும் சேர்த்துச் சுடும் மெத்தென்ற குக்கி. 'குக்கி' என்பது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். 'சின்னக் கேக்' என்று பொருள். நாம் சொல்லும் 'பிஸ்கட்' என்ற சொல்லுக்கு மூலப் பொருள் 'இருமுறை வெந்தது'. பெயர்களிலேயே வேறுபாடு தெரிகிறதல்லவா? பிஸ்கட்டை நொறுங்கும்படி உலர்த்துகிறோம். குக்கியோ நடுவில் மெத்தென்று இருக்கலாம்.

ஆனால் இந்த ஆப்பிள் குக்கி சுடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு முறை களி போல நசநசத்துவிடும். பயந்துபோய் அடுத்த முறை அதிக நேரம் சுட்டால், மறுநாளே கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள மென்மை எங்கிருந்து வருகிறது? தண்ணீர்தான் காரணம் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, அது எதனிடம் சிறைப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

முதலில் கணக்குப் போடுவோம். ஏறக்குறைய 24 குக்கிகளுக்கு வேண்டியவை இவை: வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், ஒரு முட்டை, கோதுமை மாவு 125 கிராம், அவல் போல நசுக்கிய ஓட்ஸ் 135 கிராம், பொடியாக நறுக்கிய ஆப்பிள் 125 கிராம், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. இந்தப் பட்டியலில் தண்ணீர் என்ற பெயரே இல்லை! ஆனாலும் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்; ஆக 37 கிராம். வெண்ணெயில் ஏறத்தாழ 19 கிராம். காய்ந்ததாகத் தோன்றும் மாவில்கூட 16 கிராம், ஓட்ஸில் 12 கிராம். கூட்டினால் 84 கிராம். ஆப்பிளிலோ நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். 125 கிராமில் 106 கிராம்! மற்ற எல்லாப் பொருள்களும் சேர்ந்து கொண்டுவரும் தண்ணீரைவிட, ஒரு நடுத்தர ஆப்பிள் கொண்டுவருவது அதிகம்.

பழத்துக்குள் காற்று

ஆப்பிளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீன் இரவில், தொட்டியில் மிதக்கும் ஆப்பிள்களைக் கைபடாமல் பல்லால் கவ்வியெடுக்கும் விளையாட்டு அங்கே வெகு பிரபலம். ஆப்பிளின் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, செல்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றுதான். அதனால்தான் அது மிதக்கிறது. சூடு ஏறும்போது செல்களின் சவ்வுகள் கெட்டு, உள்ளிருக்கும் சாறு கசியும், காற்று வெளியேறும், துண்டு சுருங்கும். பெரிய துண்டாக நறுக்கியிருந்தால், அது இருந்த இடத்தைச் சுற்றி ஈரக் குழி ஒன்று உண்டாகிவிடும். 'நசநச'வின் பிறப்பிடம் இதுவே. அரைச் சென்டிமீட்டருக்கு மேற்படாமல் நறுக்கச் சொல்வது அழகுக்காக அல்ல.

எந்த ஆப்பிள் என்பதும் முக்கியம். 1811-இல் கனடாவின் ஒண்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி தம் நிலத்தில் கண்டெடுத்த மரக்கன்றுகளிலிருந்து பரவிய மெக்கின்டாஷ் வகை, பச்சையாகத் தின்ன மிகச் சுவையானது. சூடு பட்டால் குழைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் தோன்றிய பச்சை நிற கிரானி ஸ்மித் வகையோ சூட்டிலும் வடிவம் மாறாமல் நிற்கும். செல்களை ஒட்டவைக்கும் சிமென்டு போன்ற பெக்டின் என்ற பொருள் எவ்வளவு எளிதில் கரைகிறது என்பது இதில் பெரும் பங்கு வகிக்கிறது. குக்கிக்கு நான் சிபாரிசு செய்வது குழையாத வகையைத்தான்.

பழம் முற்றிவிட்டதா என்று தோட்டக்காரர்கள் பார்க்கும் முறை உங்களுக்குப் பழகியதே. பழத்தைக் குறுக்கே வெட்டி, அயோடின் கரைசலில் நனைப்பார்கள். ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். காயில் வெட்டுமுகம் முழுவதும் கறுக்கும். பழுக்கப் பழுக்க ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவதால், நடுவிலிருந்து வெளிநோக்கி வெளுத்துக்கொண்டே வரும். கார்னெல் பல்கலைக்கழகம் இதற்கென்று 1 முதல் 8 வரை எண்ணிட்ட படஅட்டையே வெளியிட்டிருக்கிறது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனை ஒரு தோட்டத்தின் அறுவடை நாளைக் குறிக்கிறது!

தண்ணீரைப் பிடித்து வைப்பவர்கள்

கசிந்த சாற்றை யார் ஏற்றுக்கொள்வது? இங்கேதான் ஓட்ஸ் வருகிறது. ஓட்ஸ் மணியில் ஏறக்குறைய 7 சதவீதம் கொழுப்பு உண்டு. கோதுமையைவிட இது அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் என்ற என்ஸைமும் கூடவே இருக்கிறது. மணியை வெறுமனே நசுக்கினால் இரண்டும் சந்தித்துச் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். எனவே ஆலைகளில் முதலில் நீராவியில் வேகவைத்து, என்ஸைமைச் செயலிழக்கச் செய்த பிறகே உருளைகளுக்கிடையே நசுக்குகிறார்கள். பாதி வெந்த இந்தத் தகடுகள் நீரை ஆவலோடு உறிஞ்சும். அவற்றிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ப்பொருள் நீரோடு சேர்ந்து கூழ் போலாகி, நீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும்.

பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலிலேயே ஓட்ஸ் குக்கி இடம் பெற்றுவிட்டது. 'கொஞ்சம்', 'ஒரு கை' என்றெல்லாம் எழுதி வந்த காலத்தில், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்த அம்மையார். சமையலறைக்கு ஆய்வுக்கூட ஒழுங்கைக் கொண்டு வந்தவர் என்றே சொல்லலாம்.

பீட்டா குளுக்கனைப் பற்றி இன்னொரு செய்தி. நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொண்டால் இரத்தத்தில் கொலஸ்டரால் குறைய உதவும் என்ற அடிப்படையில், ஓட்ஸ் உணவுகள் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று விளம்பரப்படுத்த அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1997-இல் அனுமதி தந்தது. அப்படியானால் குக்கியும் மருந்தா? ஓட்ஸில் ஏறத்தாழ 4 சதவீதம் பீட்டா குளுக்கன் என்று கொள்ளுங்கள். 135 கிராமில் 5.4 கிராம், 24 குக்கிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.22 கிராம். மூன்று கிராம் கிடைக்கப் பதின்மூன்று குக்கிகளுக்கு மேல் தின்றாக வேண்டும். அவற்றோடு உள்ளே போகும் வெண்ணெயையும் சர்க்கரையையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்!

நீரைப் பிடிக்கும் இரண்டாவது ஆள் பழுப்புச் சர்க்கரை. இது வெள்ளைச் சர்க்கரையோடு கரும்புப் பாகின் கசடு கலந்தது. அந்தக் கசடில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. ஃபிரக்டோஸ் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. மேலும், வெறும் சர்க்கரை ஆறியதும் மறுபடி படிகமாகி இறுகும். குக்கி கல்லாவதற்கு அது ஒரு காரணம். மற்ற இரண்டும் இடையில் புகுந்து அந்தப் படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்படாமல் தடுக்கின்றன.

ஆனால் சர்க்கரை ஒரு குறும்பும் செய்யும். உருளைக்கிழங்கைக் குடைந்து, அதில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைக்கும் சவ்வூடு பரவல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். அடர்ந்த கரைசல் செல்களின் நீரைத் தன்பால் இழுக்கிறதல்லவா? நறுக்கிய ஆப்பிளைச் சர்க்கரையோடு முதலிலேயே கலந்து வைத்தாலும் அதுவே நடக்கும். பாத்திரத்தில் சாறு தேங்கி, மாவு தளர்ந்துவிடும். ஆகவே வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு, சோடா, ஓட்ஸ் எல்லாம் கலந்து, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, ஓட்ஸ் ஊறிய பிறகு கடைசியாக ஆப்பிளைச் சேர்த்து உடனே சுட வேண்டும். இடையில் மாவை வழித்து நக்கும் ஆசை வரும், வேண்டாம். பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் நோய்க் கிருமி இருக்கக்கூடும். 2016-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மக்கள் ஈ.கோலை கிருமியால் நோயுற்றதற்கு வேகாத மாவே காரணம் என்று கண்டறிந்தார்கள்.

ஓவனுக்குள் பன்னிரண்டு நிமிடம்

ஓவன் அடுப்பை 175 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கி, தட்டில் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளை இடைவெளி விட்டு வைக்கிறோம். (பெரியவர்கள் யாராவது உடனிருக்கட்டும்.) 32 முதல் 35 டிகிரிக்குள் வெண்ணெய் உருகி, உருண்டை அமுங்கிப் பரவுகிறது. சோடா, ஆப்பிளின் மாலிக் அமிலத்தோடும் சர்க்கரைக் கசடின் புளிப்போடும் வினைபுரிந்து கரியமில வாயுவை விடுகிறது. இந்த அமிலத்தை 1785-இல் ஆப்பிள் சாற்றிலிருந்து முதன்முதலில் பிரித்தவர் ஸ்வீடன் நாட்டு ஷீலே. அரைத் தேக்கரண்டி சோடா, ஏறக்குறைய 2.5 கிராம், முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் சுமார் 700 மில்லிலிட்டர் வாயு கிடைக்கும். அமிலம் போதாதபோது மிச்சச் சோடா வெப்பத்தாலேயே சிதையும். அப்போது கிடைப்பது பாதிதான்.

60 டிகிரிக்கு மேல் முட்டைப் புரதம் இறுகத் தொடங்கிக் குமிழிகளைச் சிறைப்படுத்துகிறது. மேற்பரப்பு உலர்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மயார் பெயரால் இது வழங்குகிறது. உள்ளேயோ ஈரம் இருக்கும்வரை வெப்பநிலை ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. எனவே ஓரம் பழுத்து, நடுப்பகுதி இன்னும் வேகாதது போலத் தளர்ந்திருக்கும் 11 அல்லது 12-ஆவது நிமிடத்திலேயே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். முழுவதும் கெட்டியாகும் வரை காத்திருப்பவர், மறுநாளைய ஈரத்தை இன்றே ஆவியாக்கிவிடுகிறார்.

மறுநாள்

இலையுதிர் காலம் முற்றும்போது அங்கே வீடுகளில் வெப்பமூட்டிகள் ஓடத் தொடங்கும். வெளிக்குளிர் காற்றைச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் மிகவும் குறைந்துவிடும். திறந்து வைத்த குக்கி விரைவில் காயும். நம் ஊரில் மழைக்காலத்து முறுக்கு நமுத்துப்போவதற்கு நேர் எதிர்!

அங்குள்ள பாட்டிமார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குக்கி டப்பாவுக்குள் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு இறுக மூடிவிடுவார்கள். மறுநாள் ரொட்டி வறண்டிருக்கும், குக்கி மெத்தென்றிருக்கும். தண்ணீர் எப்படி இடம் மாறியது? உணவிலுள்ள நீர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பதை 'நீர்ச் செயல்திறன்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சுத்தமான நீருக்கு 1, ஆப்பிளுக்கு 0.98, ரொட்டிக்கு 0.95 அளவில், மொறுமொறு பிஸ்கட்டுக்கு 0.3-க்கும் கீழே. மூடிய டப்பாவில் நீராவி உயர்ந்த எண்ணிலிருந்து தாழ்ந்த எண்ணுக்குப் போகும். குக்கிக்குள்ளேயே இது நடக்கிறது: ஆப்பிள் துண்டின் ஈரம் மெல்ல மாவுக்குப் பரவுவதால், இரண்டாம் நாள் குக்கி முதல் நாளைவிட மென்மையாக இருப்பதுண்டு.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிருமிகளும் பூஞ்சைகளும் உணவிலுள்ள மொத்த நீரைப் பார்ப்பதில்லை. இந்தச் சுதந்திர நீரைத்தான் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950-களில் இதை நிலைநாட்டினார். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகா. பூஞ்சைகளில் பல 0.8 வரை தாக்குப்பிடிக்கும். ஆப்பிள் துண்டைச் சுற்றியுள்ள இடம் அந்த எல்லைக்கு மேலே இருந்தால், மென்மையாக வைத்திருக்கும் அதே டப்பா பூஞ்சை வளர்க்கும் பெட்டியாகிவிடும். இரண்டு நாட்களுக்கு மேல் வைப்பதானால் குளிர்பெட்டியே நல்லது.

ஓவனும் ஆப்பிளும் இல்லாமலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு மூடி போட்ட டப்பாக்கள், ஒரே வகை மொறுமொறு பிஸ்கட் ஆறு, ஒரு ரொட்டித் துண்டு, பள்ளி ஆய்வுக்கூடத் தராசு ஆகியவை போதும். பிஸ்கட்டுகளையும் ரொட்டியையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் மூன்று பிஸ்கட் மட்டும். மற்றதில் மூன்று பிஸ்கட்டும் ரொட்டியும், ஒன்றையொன்று தொடாமல். 24 மணி, 48 மணி கழித்து மறுபடி எடை பாருங்கள். சோதனைக்குப் பின் இவற்றைத் தின்ன வேண்டாம். ரொட்டி இழந்த எடையும் பிஸ்கட்டுகள் பெற்ற எடையும் அநேகமாகச் சமமாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் தெரிந்தால், டப்பாவின் மூடியைச் சோதித்துப் பாருங்கள்.