தலை சாய்ந்தால் இடுப்பு தாங்கும்

மூட்டை தூக்காமல் கல்லாவிலேயே அமர்ந்திருக்கும் நம்மில் பலருக்கும் மாலையானால் இடுப்பு வலிக்கிறது. தலையை வைத்துக்கொள்ளும் விதமும் இதற்கு ஒரு காரணம்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என எலும்புகள் அடுக்காக நின்று அதைத் தாங்குகின்றன. கிடங்கில் மேல் மூட்டை முன்னே தள்ளி நின்றால் அடி மூட்டை வரை பாரம் மாறுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். பில் புத்தகத்தையோ செல்போனையோ பார்க்கக் குனிந்தால் தலை முன்னே போகிறது, முதுகு கூனுகிறது, இடுப்பெலும்பு பின்னால் சரிகிறது, இடுப்பிலுள்ள இயற்கையான உள்வளைவு தட்டையாகி, எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகளில் அழுத்தம் கூடுகிறது. இடுப்பைச் சரித்து உட்கார்ந்தாலும் தலை தானாக முன்னே வரும்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். இருக்கையில் நன்றாகப் பின்தள்ளி அமர்ந்து, இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைப்போம். பேரேட்டைச் சாய்வுப் பலகையில் வைத்து எழுதுவோம். கணினித் திரை கண்மட்டத்தில் இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு எட்டு நடப்போம்.

வலியுடன் கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கடைக்கு முதல் முதலீடு நம் உடம்புதான்.